கார் நிற்க ஓர் இடம், ஓட்டுநர் உறங்க ஓர் இடம்

பெரம்பலூரிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 270 கிலோமீட்டர். லெப்பைக்குடிகாடு, வ.களத்தூர், வாலிகண்டபுரம், அரியலூர் ஆகிய ஊர்களிலிருந்து நம் குடும்பத்தினர் மருத்துவத்திற்காகவும், திருமணத் துணிமணிகள் வாங்குவதற்காகவும், உம்ரா செல்வோரை வழியனுப்புவதற்காகவும் அடிக்கடி அங்கே போய்வர வேண்டியுள்ளது. முன்பெல்லாம் பேருந்திலோ இரயிலிலோ போனவர்கள், இப்போது சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ போகின்றனர். புறப்படுமுன் டீசலுக்கு இவ்வளவு, சுங்கச் சாவடிகளுக்கு இவ்வளவு, சாப்பாட்டிற்கு இவ்வளவு, அறைக்கு இவ்வளவு என்று கணக்கிடுகின்றோம். ஆனால் சென்னையில் இரண்டு இரவுகள் அந்தக் கார் எங்கே நிற்கும், அதனை ஓட்டிவந்தவர் எங்கே படுப்பார் என்ற இரண்டையும் நம்மில் பெரும்பாலோர் கணக்கில் எழுதுவதே இல்லை.

நானும் எழுதாதவன்தான். அதற்குரிய பாடத்தைச் சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதம் திருவல்லிக்கேணியில் கற்றுக்கொண்டேன்.

மாமிக்குக் கண் பரிசோதனை. மகள் திருமணத்திற்குத் துணி எடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே பயணத்தில் முடித்துவிடலாம் என்று என் இல்லத்தார் சொன்னதால், பக்கத்து ஊர் ஓட்டுநர் தம்பி ஒருவரின் வாடகைக் காரில் ஐந்து பேர் கிளம்பினோம். ஹலாலான உணவு கிடைக்கும், பள்ளிவாசலும் அருகில் இருக்கும் என்பதற்காகத் திருவல்லிக்கேணியில் ஒரு விடுதியைத் தொலைபேசியில் பேசி வைத்திருந்தேன். அறை வாடகை எவ்வளவு, குளிர்சாதனம் உண்டா, வெந்நீர் வருமா என்றெல்லாம் கேட்டவன், கார் நிறுத்த இடமுண்டா என்று கேட்கவில்லை. விடுதி என்றால் இடம் இல்லாமலா போகும் என்ற எண்ணம்.

மாலையில் போய் இறங்கினோம். வரவேற்பில் இருந்தவர் சிரித்த முகத்துடன் சாவியைக் கொடுத்துவிட்டு, "வண்டியை இங்கே விட முடியாது பாய். இரண்டு தெரு தள்ளிக் கட்டண நிறுத்தம் இருக்கிறது. ஒரு நாளைக்கு அறுநூறு ரூபாய்" என்றார். எங்கள் அறையின் வாடகை இரவுக்கு 2200 ரூபாய். ஓடாமல் சும்மா நிற்கும் காருக்கு அறுநூறா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. இரண்டு நாளைக்கு 1200 ரூபாய். அந்தப் பணத்திற்கு ஒரு சேலை எடுக்கலாமே! "இது பகற்கொள்ளை. எங்காவது ஓரமாகப் போட்டுக்கொள் தம்பி" என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டு மாடியேறினேன். அவரும், "சரிங்க பாய், நான் பார்த்துக்கிறேன்" என்றார். அவர் எங்கே படுப்பார் என்று நான் கேட்கவில்லை. வாடகைக் கார் ஓட்டுநர் காரிலேதான் படுப்பார் என்பது நம் பழக்கத்தில் ஊறிப்போன ஒன்று.

மறுநாள் ஸுப்ஹு தொழுகைக்காக 1795-இல் வாலாஜா நவாபின் குடும்பத்தாரால் கட்டப்பட்ட பெரிய பள்ளிவாசலை நோக்கி நடந்து சென்றேன். வழியில் ஒரு குறுகலான தெருவில் கூட்டமாக நான்கைந்து பேர். நடுவே எங்கள் கார். ஒரு வீட்டின் வாசற்கதவை அடைத்தவாறு அது நின்றிருந்தது. அந்த வீட்டுப் பெரியவரை இரத்தச் சுத்திகரிப்புச் சிகிச்சைக்கு விடியற்காலையில் அழைத்துப் போக வேண்டுமாம். ஆட்டோ வாசலுக்கு வர இயலாமல் தெருமுனையில் நின்றது. மகன் தந்தையைத் தோளில் தாங்கியவாறு நடத்திக்கொண்டு வந்தார். ஓட்டுநர் தம்பி கைகளைக் கூப்பி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். இரவு பதினொரு மணிக்கு ஓரிடத்தில் நிறுத்தியிருக்கின்றார். காவலர் வந்து எடுக்கச் சொன்னார். ஒரு மணிக்கு வேறோர் இடம். கடைக்குச் சரக்கு லாரி வருமென்று அங்கிருந்தும் விரட்டினர். மூன்று மணிக்கு இந்தத் தெருவில் வெளிச்சம் இல்லாததால் வாசற்கதவு கண்ணில் படவில்லை. புழுக்கத்திற்குக் கண்ணாடியை இறக்கினால் கொசு. ஏற்றினால் மூச்சு முட்டுகிறது. அவருடைய கண்கள் இரண்டும் சிவந்திருந்தன. அந்தக் கண்களோடுதான் அன்று முழுவதும் அவர் எங்களைச் சென்னை நெரிசலில் அழைத்துச் செல்ல வேண்டும். மறுநாள் தேசிய நெடுஞ்சாலையில் ஊர் சேர்க்கவும் வேண்டும்.

அந்தப் பெரியவரின் மகன் என்னைத் திட்டவில்லை. தொப்பியைப் பார்த்துவிட்டு, "தொழப் போறீங்களா பாய், போய்ட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கின்றார்கள். நானோ 600 ரூபாயை மிச்சப்படுத்துவதற்காக ஒரு நோயாளியின் பாதையில் தொல்லையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, தொழுகைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அறுநூறு ரூபாய் பகற்கொள்ளைதானா என்பதைப் பின்னர் நிதானமாக எண்ணிப் பார்த்தேன். கட்டட விதிகளின்படி ஒரு கார் நிறுத்த ஒதுக்கும் இடம் இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் கொண்டது. சதுர அடியில் ஏறத்தாழ 135. உள்ளே வந்து திரும்பிப் போக வேண்டிய வழி இதில் சேராது. திருவல்லிக்கேணியிலும் மண்ணடியிலும் இருவர் தங்கும் சிறிய அறைகள் பலவும் ஏறக்குறைய இந்த அளவில்தான் இருக்கின்றன. ஆக, நாம் படுக்கும் இடமும் நம் கார் நிற்கும் இடமும் ஒன்றுதான். அறைக்குக் கூசாமல் தருகின்ற நாம், அதே அளவு நிலத்தைக் காருக்கு மட்டும் இனாமாகக் கேட்கின்றோம். அந்த விடுதிகளில் பல, எழும்பூரிலும் சென்ட்ரலிலும் இறங்கி, டிரங்குப் பெட்டியோடு ரிக்‌ஷாவில் வந்தவர்களுக்காகக் கட்டப்பட்டவை. கார் வரும் என்று அவற்றைக் கட்டியவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் டொனால்டு ஷூப் என்ற பேராசிரியர் இந்த ஒரு பொருளையே வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தார். கலிபோர்னியாவில் பணியாற்றிய அவர் 2025 பிப்ரவரியில் காலமானார். இலவசமாகக் கார் நிறுத்துவதற்கு ஆகும் பெருஞ்செலவைப் பற்றி 2005-இல் அவர் எழுதிய பெரிய நூலின் சாரம் எளிமையானது: கார் நிறுத்தும் இடம் எங்கும் இலவசமில்லை, காரில் வருபவர் அதன் விலையைத் தராவிட்டால், காரே இல்லாதவர் உட்பட வேறு எவரோ தருகின்றார். திருவல்லிக்கேணியில் எனக்காக அதைத் தந்தவர்கள் இருவர். ஒருவர் அந்த நோயாளி. மற்றவர் எங்கள் ஓட்டுநர்.

நம் மாவட்டத்து இளைஞர்கள் பலர் பிழைக்கப் போயிருக்கும் துபாயிலும் இதே கதைதான். அங்கே பொது நிறுத்தங்களுக்கு ஜும்ஆ நாளில் இருந்த கட்டண விலக்கு, வார விடுமுறையை மாற்றிய பின் 2022 மார்ச் முதல் ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விட்டது. 2025-இல் பள்ளிவாசல்களை ஒட்டிய பல நிறுத்தங்களுக்கும் கட்டணம் விதித்து, தொழுகை நேரத்திற்கு மட்டும் ஒரு மணி நேரம் விலக்களித்தனர். தொழ வருபவருக்கு இடம் கிடைக்காதபடி நாள் முழுவதும் கார்களைப் பள்ளிவாசலில் போட்டுவிட்டுப் போவோரைத் தடுக்க வேண்டுமல்லவா? ஜப்பானிலோ 1962-இல் வந்த சட்டப்படி, நிறுத்த இடம் இருக்கின்றது என்று சான்று காட்டினால்தான் பெரும்பாலான ஊர்களில் காரைப் பதிவு செய்யவே முடியும். நம் ஊரில் அப்படி ஒரு சட்டம் வந்தால் கார் விற்பனை என்னவாகும் என்று நினைக்கச் சிரிப்பு வருகின்றது.

வழிப்போக்கரின் வாகனத்தையும் வழிப்போக்கரோடு சேர்த்தே கவனித்த காலம் ஒன்று இருந்தது. 1540 முதல் 1545 வரை ஆண்ட ஷேர்ஷா சூரி நெடுஞ்சாலைகளில் அமைத்த சராய்களில் பயணிக்கு உணவும் நீரும் கிடைத்ததுபோல், அவருடைய குதிரைக்குத் தீவனமும் கிடைத்தது. நம் பகுதியில் இராணி மங்கம்மாள் காலத்துச் சத்திரங்கள் பெயர்பெற்றவை. குதிரையை யாரும் வாசலில் விட்டுவிட்டுத் தூங்கப் போனதில்லை. குதிரைக்காரரையும் அப்படி விட்டதில்லை. திருமறையில் ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் வழிப்போக்கரும் இடம்பெறுகின்றார் (9:60). காரின் பின்னிருக்கையில் அமர்ந்திருப்பவர் மட்டுந்தான் வழிப்போக்கர், முன்னிருக்கையில் இருப்பவர் இல்லை என்று எந்த ஆலிமும் சொல்லமாட்டார்.

ஓட்டுநர் விஷயத்தில் தமிழ்நாடு அரசு செய்த ஒன்றைப் பலரும் அறியவில்லை. 2023 ஜூன் மாதம் கட்டட விதிகளைத் திருத்தி, விருந்தினரோடு வரும் ஓட்டுநர்கள் உறங்குவதற்கு விடுதிகள் தனிக்கூடம் ஒதுக்க வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. விடுதி வளாகத்திற்குள்ளோ 250 மீட்டர் தூரத்திற்குள்ளோ அது இருக்கலாம். அங்கே படுக்கைகள் இருக்க வேண்டும். குளியலறையும் கழிப்பறையும் வேண்டும். ஆணை இருந்தாலும், கேட்பவர் கேட்டால்தானே கிடைக்கும்? அறை பேசும்போது "ஓட்டுநர் படுக்க இடமுண்டா?" என்று கேட்பவர்கள் நூற்றில் எத்தனை பேர்? கார் நிறுத்த இடமே இல்லாத சிறு விடுதியில் அந்தக் கூடமும் இருக்காது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட இடத்தில்தான் தங்க வேண்டும் என்றால், ஓட்டுநருக்கு இன்னொரு சிறிய அறை எடுக்கத்தான் வேண்டும். அதுவும் பயணச் செலவே. நமக்குக் கீழ் வேலை செய்பவர்கள் நம் சகோதரர்கள் என்றும், நாம் உண்பதிலிருந்தே அவர்களுக்கும் உண்ணக் கொடுக்க வேண்டும் என்றும், தாங்க இயலாத சுமையை அவர்கள்மீது ஏற்றலாகாது என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். பிரியாணியை நாம் உணவகத்தில் உண்டுவிட்டு, ஓட்டுநருக்குப் பேட்டா கொடுத்துவிட்டோமே என்று சமாதானம் சொல்வது அந்த அறிவுரைக்குள் அடங்குமா என்பதை அவரவர் எண்ணிப்பார்க்கட்டும்.

இது தருமம் மட்டுமன்று, நம் உயிரும் இதில் இருக்கின்றது. இரண்டு இரவு தூங்காதவர், மூன்றாம் இரவு உளுந்தூர்ப்பேட்டை தாண்டித் திருமாந்துறை வரை நேராகக் கிடக்கும் நான்குவழிச் சாலையில் வண்டி ஓட்டுகின்றார். பின்னால் ஐந்து பேரும் குறட்டை விடுகின்றோம். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்று வரையறுத்தது. அந்தச் சட்டம் எட்டாத ஒற்றைக் கார் ஓட்டுநருக்கும் உடம்பு ஒன்றுதான்.

இனி, செலவைக் குறைக்க வழியே இல்லையா என்று கேட்கலாம். உண்டு, ஆனால் அது புறப்படுமுன் செய்ய வேண்டிய வேலை. அறை பேசும்போதே நான்கு விஷயங்களைத் துலக்கிக்கொண்டால் போதும்: நிறுத்தம் விடுதிக்குள்ளேயா, வெளியிலா, கட்டணம் அறை வாடகையில் அடங்கியதா, தனியா, தனியென்றால் 24 மணி நேரக் கணக்கா, நள்ளிரவுக்கு நள்ளிரவா, உயரமான வண்டி உள்ளே நுழையுமா. இந்த நான்காவது முக்கியம். அடித்தளத்தில் நிறுத்தம் வைத்திருக்கும் விடுதிகளில், மேலே சாமான் கட்டிய வண்டி நுழையாமல் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கின்றேன். சாலையோரத்தில் நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தினால் முதன்முறை அபராதமே 500 ரூபாய், மறுமுறை 1500. வண்டியை இழுத்துச் சென்றால் அந்தக் கூலியும், காவல் நிலையத்தைத் தேடி அலையும் அரை நாளும் தனி. அறுநூறு ரூபாய் அதற்குப் பிறகு மலிவாகத் தெரியும்.

சில பெரிய விடுதிகளில் வாசலில் ஊழியரே சாவியை வாங்கிக் காரை எடுத்துச் சென்று நிறுத்துகின்றனர். அவர் தரும் சீட்டில் 'உரிமையாளரின் பொறுப்பில்' என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. 1998 ஆகஸ்டு முதல் நாள் டெல்லியில் தாஜ்மஹால் ஓட்டலுக்கு வந்த ஒருவர், தம் மாருதி ஜென் காரின் சாவியை ஊழியரிடம் கொடுத்துவிட்டு உள்ளே சென்றார். திரும்பி வந்து கேட்டபோது காரை வேறொருவன் ஓட்டிச் சென்றுவிட்டான் என்றார்கள். அந்த வழக்கில் இருபத்தோரு ஆண்டுகளுக்குப் பின், 2019 நவம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாவியைப் பெற்றுக்கொண்ட பின் காரைப் பத்திரமாகத் திருப்பித் தருவது விடுதியின் கடமை. சீட்டில் அச்சடித்த வாசகத்தைக் காட்டித் தன் ஊழியரின் கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து அது தப்ப இயலாது என்பது தீர்ப்பின் சாரம். ஆகவே சாவியை ஒப்படைத்தால் சீட்டைக் கேட்டுப் பெற்று, காரை எடுக்கும்வரை பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். சாவியை நாமே வைத்துக்கொண்டு நாமே நிறுத்தினால் நிலைமை வேறு. அப்போது விடுதியின் பொறுப்பை நிறுவுவது எளிதன்று.

நகரத்தின் நடுவே காரைக் கொண்டுபோகாமல் இருப்பதே எல்லாவற்றையும்விட நல்லது. ஒரு காலத்தில் இது இயலாத யோசனையாக இருந்தது. 2016 செப்டம்பரில் மீனம்பாக்கம் விமான நிலையத்திற்கு மெட்ரோ வந்தது. 2019 பிப்ரவரி 10 முதல் அதே தடம் அண்ணா சாலைக்கு அடியில் சென்று, சென்ட்ரல், உயர் நீதிமன்றம், மண்ணடி வழியாக வண்ணாரப்பேட்டை வரை நீண்டது. மண்ணடிக்கென்றே ஒரு நிலையம்! நம்மவர் பலருக்குச் சென்னை என்றாலே மண்ணடிதானே? திருவல்லிக்கேணிக்கு அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால் ஆட்டோவிற்குச் சிறு தொகைதான். காரில் வருவோர் கிண்டி, ஆலந்தூர்ப் பக்கங்களில் வளாகத்துக்குள் கார் நிறுத்தவும் ஓட்டுநர் படுக்கவும் இடமுள்ள விடுதியைத் தேர்ந்து, காரை அங்கேயே விட்டுவிட்டு மெட்ரோவில் ஊருக்குள் போய்வரலாம். மெட்ரோ நிலையங்களிலும் நிறுத்தங்கள் உண்டு. ஆனால் இரவு முழுவதும் விடலாமா, பயண அட்டை வேண்டுமா என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

கார் இல்லாமலே போகலாம் என்பதை நாம் ஏனோ மறந்துவிட்டோம். பெரம்பலூர் நகரத்திற்கு இரயில் இல்லை. அரியலூரிலிருந்து பெரம்பலூர் வழியாக நாமக்கல்லுக்கு இருப்புப் பாதை வேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை. ஆனால் முப்பது கிலோமீட்டர் தள்ளி அரியலூர் நிலையம் இருக்கின்றது. வைகை, பல்லவன், மலைக்கோட்டை விரைவு வண்டிகள் அங்கே நின்று செல்கின்றன. லெப்பைக்குடிகாட்டாருக்குப் பெண்ணாடமும் அருகில்தான். வாடகைக் காரை இரண்டு நாள் நிறுத்தி வைத்தால், ஓடாத நாளுக்கும் குறைந்தபட்ச வாடகையும் பேட்டாவும் கொடுக்க வேண்டும். அதோடு நிறுத்தக் கட்டணத்தையும் சேர்த்துப் பார்த்தால், அந்தத் தொகைக்குச் சென்னையில் தாராளமாக ஆட்டோக்களில் சுற்றலாம். கண்ணில் அறுவை செய்துகொண்டவரையோ, எழுந்து நடமாட இயலாதவரையோ அழைத்து வருவதென்றால் கார்தான் சிறந்தது; அதில் எனக்கு மறுப்பில்லை. அப்போது நிறுத்தக் கட்டணத்தை மருந்துச் செலவில் ஒன்றாக எழுதிவிட வேண்டியதுதான்.

அன்று காலை தொழுதுவிட்டுத் திரும்பியதும் காரைக் கட்டண நிறுத்தத்தில் விடச் செய்தேன். அதே விடுதியில் ஓட்டுநர் தம்பிக்கு ஓர் அறை எடுத்து, மதியம்வரை உறங்கச் சொன்னேன். "எதுக்கு பாய் வீண் செலவு?" என்று அவர் கூச்சப்பட்டார். மாமியை ஆட்டோவில் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். ஒரு குறையும் நேரவில்லை.

மாமிக்கு அக்டோபரில் மறுபரிசோதனை. இம்முறை அந்தத் தம்பி எங்களை அரியலூர் நிலையத்தில் இறக்கிவிட்டு வீடு திரும்பினார். இரண்டு நாள் கழித்துப் பல்லவனில் வந்து இறங்கியபோது நிலைய வாசலில் காரோடு நின்றிருந்தார். மாமியின் கையைப் பிடித்து ஏற்றிவிட்டுக் காரைக் கிளப்பியவர், "இந்த ரெண்டு நாளும் உள்ளூர் சவாரி நாலு கிடைச்சுது பாய்" என்றார். பெரம்பலூர்ச் சாலையில் இஷாவின் பாங்கொலி கேட்டது. காரை ஓரமாக, ஆனால் யார் வாசலையும் அடைக்காமல், ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினார்.